தேதி போடாத கடுதாசி

நாலந்தா கெடிகே என்ற கற்கோயிலைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிவரும் வான் சாரதிகள், ஏ9 வீதியில் திரும்பவேண்டிய இடத்தைத் தவறவிட்டால் என் வீட்டு வாசலில்தான் வண்டியைத் திருப்புவார்கள். அதனால் வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் நான் எழுந்து பார்ப்பதில்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு, கூப்பிடாமல் நிற்பவர்களுக்காகத்தான் எழுந்துபோவேன். அவர்கள் கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். உள்ளே இருப்பது என்னவென்று திறக்காமலே சொல்லிவிடலாம்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் இருந்தால் அது, அடையாள அட்டையின் போட்டோப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய ஏதோ ஒரு துண்டு.

நான் சட்டத்தரணி அல்ல. முப்பத்தோரு வருடம் மத்திய மாகாணத்து நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அந்த வேலைக்கு இங்கே முதலியார் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம், நீதிமன்றத்துக்குள் மட்டும் பதவிப் பெயராகத் தங்கிவிட்டது. எங்கள் மாகாணத்தில் நீதிமன்ற மொழி சிங்களம். தமிழ் பேசுகிறவருக்கு அரசே மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்து கொடுக்கவேண்டும் என்று இலங்கை அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்த உறுப்புரை டை கட்டிக்கொண்டு சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது என்றால், அது நான்தான்.

கொலை வழக்கு, களவு வழக்கு எல்லாவற்றுக்கும் நின்றிருக்கிறேன். ஆனால் நாலந்தாவுக்கு என்னைத் தேடி வருகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் ஒரே விஷயத்துக்காகத்தான் வருகிறார்கள். தமிழ்நாட்டில் அதை ஜீவனாம்சம் என்பார்கள். எங்கள் சட்டத்தமிழில் தாபரிப்பு. வருகிறவர்கள் இரண்டையும் சொல்வதில்லை. "புள்ளைங்களோட சாப்பாட்டுக் காசு" என்பார்கள், அல்லது "நடத்து கேஸ்" என்பார்கள். சிங்களத்தில் 'நடத்து நடுவ'. குடும்பம் நடத்துவது என்று நாம் சொல்கிறோமே, அந்த 'நடத்து' சிங்களத்துக்குப் போய்த் தாபரிப்பு என்ற பொருளில் தங்கிவிட்டது. வழக்கு என்று பொருள்படும் 'நடுவ'வும் நம்மிடமிருந்து போனதென்றே அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். நம்மிடமிருந்து போன இரண்டு சொற்களைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்து முப்பத்தோரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

வருகிறவர்கள் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வார்கள். கல்யாணத்தன்று மாமியார் சொன்ன சொல், விற்ற தோடு, குடித்துவிட்டு உடைத்த கதவு, தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கப் போன புருஷனுக்கு அங்கே ஏற்பட்ட இன்னொரு குடும்பம். நான் குறுக்கிடமாட்டேன். சொல்லி முடித்த பிறகு மூன்றே கேள்வி கேட்பேன். அவரிடம் கொடுக்க வழி இருக்கிறதா? உனக்கு, அல்லது பிள்ளைக்கு, சொந்தமாகச் சமாளிக்க வழி இல்லையா? கேட்டும் கொடுக்காமல் இருக்கிறாரா? 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் நீதவானைக் கேட்கச் சொல்வது முக்கியமாக இந்த மூன்றைத்தான். உடைந்த கதவுக்கு வேறு சட்டம் இருக்கிறது. ஒரு மணி நேரம் அழுதுகொண்டே சொன்ன கதையில் இந்த மூன்றுக்கும் பதில் இரண்டு வரியில்தான் இருக்கும். அந்த இரண்டு வரியைப் பிரித்து எடுத்துச் சத்தியக் கடதாசியில் இறக்குவதுதான் வேலை.

1999க்கு முன்னே நூற்றுப்பத்து வருடம் 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதுதான் நடைமுறை. அதில் கொடுக்கவேண்டியவன் ஆண், வாங்கவேண்டியவர்கள் மனைவியும் பிள்ளைகளும். கல்யாணமாகாமல் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழக்குப் போடவேண்டுமானால் பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போடவேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் அவன் ஏதாவது செலவுக்குக் கொடுத்திருந்தால் மட்டும் தப்பலாம். அவள் வாய்ச்சொல் போதாது, அதை உறுதிப்படுத்த வேறு சாட்சியும் வேண்டும். யார் வந்து சாட்சி சொல்வது? இன்னொரு பிரிவும் இருந்தது. 'என்னோடு வந்து இருக்கட்டும், சோறு போடுகிறேன்' என்று புருஷன் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டால், ஏன் போகமாட்டேன் என்பதற்கு மனைவிதான் காரணம் காட்டவேண்டும். அவன் வேறொருத்தியோடு வாழ்கிறான், அல்லது வழக்கமாகவே கொடுமை செய்கிறான் என்று நீதவானுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அவளுக்குக் கட்டளை. அந்த 'வந்து இருக்கட்டும்' என்ற வசனத்தை எத்தனை தடவை சிங்களத்தில் சொல்லியிருப்பேன்! சொன்னவர்களில் பாதிப் பேருக்கு இருக்க வீடே கிடையாது.

புதிய சட்டம் புருஷன் என்று சொல்லவில்லை. வாழ்க்கைத் துணை என்கிறது. தகப்பன் என்று சொல்லவில்லை, பெற்றோர் என்கிறது. இதன் அர்த்தம் எனக்கு ஒரு வழக்கில்தான் உறைத்தது. குவைத்தில் வீட்டுவேலைக்குப் போன மனைவியிடமிருந்து பிள்ளைகளின் செலவுக்குக் காசு வேண்டும் என்று ஒரு மனுஷன் வந்து நின்றார். கால் ஒன்று விபத்தில் போனவர். பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. தாய் உழைக்கிறாள், தகப்பனால் உழைக்க முடியவில்லை, பிள்ளைகள் இரண்டு பேர் தகப்பனிடம் இருக்கிறார்கள். மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. மாத்தளைப் பக்கத்திலிருந்து இவ்வளவு பெண்கள் வளைகுடாவுக்குப் போகிறபோது, இப்படிப்பட்ட வழக்கு அபூர்வமாக இருப்பதுதான் ஆச்சரியம்.

பன்னிரண்டு மாதக் கெடுவும் போய்விட்டது. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். தகப்பன் இன்னார்தான் என்பதை நீதவான் நம்பும்படியான வலுவான சாட்சியத்தால் நிறுவினால் போதும். இப்போது மரபணுப் பரிசோதனை இருக்கிறது. ஒருவர் மூன்று தவணை "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று சாதித்தார். பரிசோதனைக்கு வர ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டதும், "மாசம் எவ்வளவுன்னு சொல்லச் சொல்லுங்க" என்று என் காதுக்குள் சொன்னார். காதுக்குள் சொன்னதை மொழிபெயர்க்க எனக்கு அதிகாரமில்லை. "சத்தமாகச் சொல்லுங்கள், ஐயாவுக்குக் கேட்கட்டும்" என்றேன்.

வயதைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பதினெட்டு முடிந்ததும் பிள்ளைக் காசு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கள் சட்டத்தில் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுவரை, சொந்தக் காலில் நிற்க முடியாமல் இருந்தால், மகனோ மகளோ கேட்கலாம். உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்து எழுதியதுபோல இருக்கிறது. உடலாலோ மனத்தாலோ இயலாத பிள்ளைக்கு வயது எல்லையே இல்லை. இந்தியாவில் இதே மாதிரியான பிரிவு பதினெட்டோடு முடிந்துவிடுகிறது, இயலாத பிள்ளைகளைத் தவிர. கல்யாணமாகாத மகளுக்கு 1956ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் வேறு வழியில் கைகொடுக்கிறது.

தோட்டப்புறத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். அம்மன் கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், லயத்தில் நூறு பேர் சாப்பிட்டிருப்பார்கள், பதிவு இருக்காது. "பதியலீங்க, அப்ப நான் பொண்டாட்டி இல்லையா?" என்று ஒரு பெண் என்னிடமே கேட்டாள். பதிவு இல்லாவிட்டாலும் சம்பிரதாயப்படி நடந்த கல்யாணம் எங்கள் நாட்டில் செல்லும். ஆனால் பதிவுச் சான்றிதழ்தான் சுலபமான சாட்சி. அது இல்லாவிட்டால் தாலி கட்டிய ஐயர், சடங்குக்கு நின்ற தாய்மாமன், ஒரே முகவரியில் இருவர் பெயரும் உள்ள வாக்காளர் இடாப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். பிள்ளையின் வழக்கு மட்டும் இதில் மாட்டிக்கொள்வதில்லை. தாயின் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பது பிள்ளையின் வயிற்றுக்குச் சம்பந்தமில்லை.

அதே மாதிரி, தாயின் நடத்தையும் சம்பந்தமில்லை. வாழ்க்கைத் துணைக்கு மட்டும் ஒரு தடை உண்டு: கேட்கிறவர் இன்னொருவரோடு சோர வாழ்க்கை நடத்தினாலோ, இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தாலோ கட்டளை கிடைக்காது. இந்த வசனத்தைக் கேள்விப்பட்ட புருஷன்மார் முதல் தவணையிலேயே எடுத்து வீசுவார்கள். ஆட்டோக்காரரோடு பேசினாள், போனில் சிரித்தாள். அதையெல்லாம் நான் வரி தவறாமல் சிங்களத்தில் சொல்லவேண்டும், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. சொல்லி முடித்ததும் நீதவான் கேட்பார்: "சரி, பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய்?"

எவ்வளவு என்பதுதான் கடைசியில் எல்லாம். இங்கிலாந்தில் இருக்கும் என் மருமகன் சொல்வான், அங்கே அரச நிறுவனம் ஒன்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுமாம். வழக்கமான வருமானக்காரருக்கு ஒரு பிள்ளைக்கு மொத்த வாரச் சம்பளத்தில் 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 19. எங்களுக்கு அப்படிச் சூத்திரம் கிடையாது. கொடுப்பவரின் வருமானத்தையும் வாங்குபவரின் நிலைமையையும் பார்த்து நீதவானுக்குத் தகுந்ததாகத் தோன்றும் தொகை. அரச உத்தியோகத்தர் என்றால் சம்பளச் சிட்டை இருக்கும். தோட்டத் தொழிலாளி என்றால் செக்ரோலில் பேர் விழுந்த நாள் கணக்கு. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, ஆனால் மாதத்தில் எத்தனை நாள்? மேசன், சாரதி, மிளகு வியாபாரி என்றால் வருமானம் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொன்று. 'கையில் ஒன்றுமில்லை' என்று உழைக்கும் உடம்போடு நிற்பவன் சொல்வதை நான் பார்த்த நீதவான்கள் கடைசிப் பதிலாக எடுத்துக்கொண்டதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு தீர்ப்பில், உடல் நலமுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று பச்சையாகவே சொல்லியிருக்கிறது.

இந்த 'எவ்வளவு'வில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். பதினைந்து வருடமாகிறது, இன்னும் போகவில்லை.

இரண்டு பிள்ளைக்காரி. மஞ்சள் சேலை, இடுப்பில் சின்னது, கையில் பெரியது. மாதம் எவ்வளவு வேண்டும் என்று நீதவான் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "குடுக்கிறத வாங்கிக்கிறேங்க" என்றாள்.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். சிங்களத்திலும் விடலாம்தான். ஆனால் கூண்டில் நிற்பவர் சொன்னது நீதவானுக்கு விளங்கவேண்டுமே என்று நான் எழுவாயைப் போட்டேன். 'அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன்' என்று. அந்தப் பக்கத்துச் சட்டத்தரணி உடனே எழுந்தார்: என் கட்சிக்காரர் நான்காயிரம் தருவார். நீதவான் எழுதிக்கொண்டார். நாற்பது வினாடி ஆகியிருக்காது. அவள் என்னைப் பார்த்தாள். அவள் சொல்லவந்தது, 'ஐயா, நீங்கள் எவ்வளவு கொடுக்கச் சொல்கிறீர்களோ அதை வாங்கிக்கொள்கிறேன்'. பெரியவர் முன்னால் தொகை சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவள். அவள் வளர்ந்த மாதிரியான லயத்தில்தான் நானும் வளர்ந்தேன். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அன்று மத்தியானம் வெளியே தேநீர்க் கடையில் அவளைத் தேடிப்பிடித்து, கட்டளையை மாற்றக் கேட்கலாம் என்று சொன்னேன். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. இருவரில் யாருடைய நிலைமை மாறினாலும் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். கேட்க வரும்போது ஒரு கொப்பி வாங்கி, ஒரு மாதச் செலவை நாள் நாளாக எழுதிக்கொண்டு வா என்றேன். அடுத்த வருடம் வந்தாள். பெரியது பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தது. ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் பிள்ளையின் பென்சிலால் எழுதியிருந்தாள்: அரிசி, பால்மா, பள்ளிக்கூட வான், சப்பாத்து, சளிக்கு மருந்து, பென்சில் ஒன்று, தேங்காய் இரண்டு. எழுத்துக்கூட்டித்தான் எழுதியிருந்தாள், கூட்டல் மட்டும் சரியாக இருந்தது. அன்று எழுவாயை நான் போடவில்லை. கொப்பியை வரி வரியாக வாசித்தேன். ஏழாயிரத்து ஐந்நூறாக மாறியது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற எவருக்கும் முதலில் சொல்வது கொப்பி. சட்டத்தரணி பிறகு. வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே வரும் வழக்குகளில் தாபரிப்பு மெத்தச் சகஜம்.

2022ஐ யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2015இல் விதித்த மூவாயிரத்தில் ஒரு மாதப் பால்மாகூட வாங்க முடியாமல் போனது. என் வாசலில் அந்த வருடம்தான் அதிக செருப்பு. ஆனால் கட்டளையைத் தானாக உயர்த்தும் ஏற்பாடு எதுவும் இல்லை. கேட்டால்தான் உண்டு.

கட்டளை கிடைத்துவிட்டால் காசு கிடைத்த மாதிரி அல்ல. தவணை மாறும், ஆள் முகவரி மாறுவார், அழைப்பாணை 'ஆள் இல்லை' என்று திரும்பி வரும். கொடுக்காமல் விட்டால், தண்டப்பணத்தை அறவிடுவதுபோலப் பிடியாணை மூலம் அறவிடலாம். அதற்கு மேல், நிலுவையாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்தே கழித்து அனுப்பும்படி தொழில்கொடுப்பவருக்குக் கட்டளையிடலாம். இதுதான் உருப்படியான வழி. சிறைக்குப் போனவன் உள்ளே உழைப்பதில்லை. பல பெண்கள் கடைசி நேரத்தில் "உள்ள போட வேணாங்க, கொஞ்சம் டைம் குடுங்க" என்று கேட்பதை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். கட்டாரில், சவூதியில் இருக்கும் ஒருவரின் சம்பளத்தில் இங்கிருந்து கைவைப்பது இன்னும் கஷ்டம். அவர் லீவில் வரும்வரை பிடியாணை அலுமாரியில் தூங்கும்.

முஸ்லிம் பெண்கள் வந்தால் நான் வேறு திசை காட்டுவேன். அவர்களுடைய மனைவி, பிள்ளைத் தாபரிப்பு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்துக்கு உரியது. அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. காதி விதிக்கும் தொகையை அறவிடுவதற்கு மட்டும் விஷயம் நீதவானிடம் வரும். காதியாக ஒரு பெண்ணை நியமிக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பல வருடமாகச் சண்டை நடக்கிறது. இந்தியாவில் 1985இல் ஷா பானோ வழக்கில் தொடங்கிய தகராறு வேறு மாதிரிப் போனது. 2024 ஜூலையில்கூட, விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின்கீழ் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. நம் பெண்களுக்கு அந்த இரண்டாவது கதவு இல்லை.

இந்தியாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரிந்திருப்பதற்குக் காரணம் என் சின்னம்மா. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தையும் பிரித்தது. நாங்கள் இங்கே, சின்னம்மா குடும்பம் கோத்தகிரியில். அவருக்கு வயதான காலத்தில் மகன் கைவிட்டபோது, "ஒனக்குத்தான் கோர்ட்டு தெரியுமே, சொல்லுடா" என்று போன் எடுத்தார். விசாரித்தேன். அங்கே மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் எல்லாரும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு. 1973இல்தான் பெற்றோரை அதில் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அதுவே புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவு. கல்யாணமான மகளும் பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவள் என்று 1987இலேயே தீர்ப்பு இருக்கிறது. அது போக, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் தனியாக ஒரு தீர்ப்பாயமே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் விசாரிப்பார், மாதம் 10,000 ரூபாய்வரை விதிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பார்த்துக்கொள்வான் என்று நம்பி, அந்த நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த வீட்டைக்கூடத் திரும்பக் கேட்கலாம். சின்னம்மாவுக்கு எழுதிக்கொடுக்க வீடு இல்லை. ஆனால் தீர்ப்பாயம் என்ற சொல்லே மகனுக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் தாபரிப்புச் சட்டத்தில் தாய் தகப்பன் இல்லை. பலர் இதை நம்பமாட்டார்கள். பெற்றோரைத் தாங்கவேண்டும் என்பது ரோமன் டச்சுச் சட்டத்தில் பழங்காலத்திலிருந்தே கடமைதான், ஆனால் அதற்காகச் சிவில் வழக்குப் போடும் எழுபது வயது மனுஷியை நான் கண்டதில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்தான் வழி. அறுபது வயது கடந்தவர் முதியவர். பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக்கூடாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது நேராகச் சொல்கிறது. தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாதவர், முதியோரின் தாபரிப்புக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு பிள்ளை மீதோ பல பிள்ளைகள் மீதோ மாதக்காசு விதிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. பிரதேச செயலகத்தில் முதியோருக்கென்று ஓர் உத்தியோகத்தரும் இருக்கிறார். விண்ணப்பத்தை அவரிடமே கேட்கலாம்.

கெடிகேக்குப் போகும் பாதையில் குடியிருக்கும் ஒரு அக்காவுக்காக அந்த விண்ணப்பத்தை வாங்கிவந்தேன். அக்கா என்று நான் கூப்பிட்டாலும் எழுபத்தாறு வயது. போவத்தன்ன நீர்த்தேக்கத்துக்காக அந்தக் கற்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்துக் கரைமேல் திரும்ப நிறுத்திய காலத்தில், அங்கே கூலிக்கு மண் சுமந்தவர். இப்போது அதே பாதையில் இளநீர் விற்கிறார். இல்லை, விற்றார். முழங்கால் விடவில்லை. கொழும்பில் மகன் இரண்டு வான் வைத்திருக்கிறான். இரண்டு வருடமாக ஒன்றும் அனுப்பவில்லை.

மேசையில் விண்ணப்பத்தை விரித்துவைத்து நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மகனின் பெயர், வாகன இலக்கம்கூட மனப்பாடம். மூன்று கேள்விக்கும் பதில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கையொப்பத்துக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"பெத்த புள்ளய நானே கோட்டுக்கு இழுக்கிறதா தம்பி?"

"கோட்டு இல்லக்கா. சபை."

"அவன் பொண்டாட்டிக்கு அது ரெண்டும் ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையொப்பம் போட்டார். தேதியை மட்டும் போடவேண்டாம் என்றார். தாளை நாலாக மடித்து, என் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குள் தானே வைத்தார். தன் வீட்டில் வைத்தால் கரையான் என்று காரணம் சொன்னார்.

யார் வாயால் போனதோ தெரியாது, அடுத்த மாதம் வங்கிப் புத்தகத்தில் ஐயாயிரம் விழுந்தது. அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு பத்தாம் தேதியும் அக்கா புத்தகத்தைக் கொண்டுவருவார், நான் கண்ணாடியைப் போட்டு வாசிப்பேன், கருப்பட்டித் துண்டோடு தேநீர் குடித்துவிட்டுப் போவார். போன பத்தாம் தேதி நான் வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கடைசி வரி முந்தின மாதத்தோடு நின்றிருந்தது. அவர் புத்தகத்தை வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"அந்தக் கடுதாசி இன்னும் செல்லுமா தம்பி?"

"செல்லும்க்கா. தேதி மட்டும்தான் போடணும்."

பஞ்சாங்கத்தை எடுத்தேன். அவர் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"பதினஞ்சு வரைக்கும் பாப்பமே. வான்ல என்னவோ கோளாறுன்னு சொன்னாங்க."